மூக்கைச் சாய்க்கும் முன்

வாலே நோவோ,
ஏப்ரல் 2, 1997

தம்பி வில்மாருக்கு,

அக்கா ஒடெட்டி எழுதுகிறேன். நானும் மிரேலாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்கு மேல் எங்கள் சௌக்கியத்தைக் கேட்காதே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சூடு ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறாயா?

உன் மச்சானைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. ஏழாம் நாள் பூசைக்கு ஊரே வந்தது. டைல்ஸ் ஆலை அவரோடு சேர்த்து வேலையை விட்டு அனுப்பியதே பதினாறு பேர், அவர்களும் வந்தார்கள். என் தையல் கூடத்துப் பெண்கள் ஆளுக்கொரு கேக் சுட்டுக் கொண்டுவந்து, சாப்பிட ஆளில்லாமல் அவர்களே எடுத்துப்போனார்கள். அடக்கத்துக்கு நீயும் வந்தாய். பெட்டியைத் தூக்கினாய். என் முகத்தைப் பார்க்காமலே அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். கோபமில்லை. உன் விமானத்திலிருந்துதானே விழுந்தார், உனக்கும் எரியும்.

போனில் பேசலாம் என்றால் மளிகைக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே நிற்கிற அத்தனை பேரும் மிளகு வாங்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் கடிதம்.

வில்மார், ஒரு விஷயம் என்னைத் தின்கிறது. இரண்டு கயிறும் இழுக்காமல் அப்படியே இருந்தன என்கிறார்கள். பெரிய பாராசூட் குடைக்கு உள்ளதும், ஆபத்துக்கு உள்ளதும். இருபத்திரண்டு தடவை குதித்த மனுஷன் இருபத்திமூன்றாவது தடவை எப்படிடா மறப்பார்? வேலை போனதிலிருந்து அவர் சரியாக இல்லை, அது உனக்கும் தெரியும். அவராகவே இப்படிச் செய்துகொண்டாரோ என்று நினைக்கும்போது தைத்ததையே பிரித்து மறுபடி தைக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தவன் நீதான். குதிக்கும் முன் என்ன சொன்னார்? நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுது.

அக்கா
ஒடெட்டி


விலா அமேலியா,
ஏப்ரல் 14, 1997

அக்காவுக்கு,

உன் ஆசி கேட்கும் தம்பி வில்மார். முதுகு பரவாயில்லை. மிரேலாவுக்கு என் முத்தம். படிக்கிறாளா?

லவுரிவால் முதலாளி ஐந்து வாரம் ஓய்வு கொடுத்தார். நேற்றுதான் மறுபடி விமானத்தில் ஏறினேன். இங்கே எல்லாரும் மச்சானைப் பற்றியே பேசுகிறார்கள். ஜனவரியில் இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் மடித்துக் கொடுத்த குடை ஒன்றுகூடச் சதி பண்ணியதில்லை என்கிறார்கள். அவர் இல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரம் சத்தமே இல்லாமல் கிடக்கிறது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அன்றைக்கு வானம் நன்றாக இருந்தது. காற்றும் அதிகமில்லை. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷத்தில் பன்னிரண்டாயிரம் அடிக்குப் போனேன். பக்கவாட்டுக் கதவைச் சுருட்டி மேலே ஏற்றினார்கள். முதலில் இங்கத்துப் பழைய ஆள் டெசியோவின் எட்டுப் பேர் கூட்டம் ஒன்றாகக் குதித்தது. பிறகு மூன்று பேர். மச்சான்தான் கடைசி. உயரத்திலேயே குடையை விரித்துவிடுகிற புது ஆட்களைக் கடைசியில்தான் விடுவோம். எல்லாரும் போனதும் நான் இறங்கினேன். அவ்வளவுதான் அக்கா. எஞ்சின் போடுகிற கூச்சலில் பின்னால் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் சந்தோஷமாகத்தான் இருந்தார். இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

குளிர் தொடங்கப் போகிறது, போர்வைகளை வெயிலில் போடு.

தம்பி
வில்மார்


வாலே நோவோ,
ஏப்ரல் 27, 1997

தம்பிக்கு,

அக்காவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. மிரேலாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

இரண்டு ரொட்டி சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய். மெத்தச் சந்தோஷம். நான் கேட்டது ரொட்டிக் கணக்கா?

விபத்தை விசாரித்த அதிகாரிகளிடமிருந்து காகிதம் வந்தது. உன் மச்சானை யாரோ மாதிரி, தார்சீசியோ என்ற மனுஷன் மற்றவர்கள் போன பிறகு தாமதமாக, தன் இஷ்டத்துக்கு விமானத்தை விட்டு வெளியேறினார், கயிறுகளைத் தொடவில்லை, காரணம் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது. விமானியின் வாக்குமூலத்தின்படி என்று உன் பெயரும் இருக்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பாதிரியார் அன்செல்மோவிடம் போனேன். படித்தார். "காரணம் ஆண்டவருக்குத் தெரியும் மகளே" என்று சொல்லிவிட்டு, மேஜையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். முப்பதாம் நாள் பூசையில் அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அது கேட்காமலா போகும்?

உனக்கு ஒன்று சொல்லவில்லை. ஜனவரியில் அவர் உன்னிடம் கிளம்பிய காலையில் எங்களுக்குள் பெரிய சண்டை. வேலை தேடாமல் வானத்திலிருந்து விழப் போகிறாயா, வெட்கமில்லையா என்று கேட்டேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்தா வா, வராட்டிப் போ." இந்த வாயால் சொன்னேன். அதுதான் நான் அவரிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது புரிகிறதா நான் ஏன் கேட்கிறேன் என்று? கதவருகே நின்றபோது அவர் முகத்தையாவது பார்த்தாயா?

அக்கா


விலா அமேலியா,
ஜூன் 9, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது, திட்டாதே. நலம்தான். மிரேலாவின் காய்ச்சல் முழுக்கப் போய்விட்டதா?

நீ சொன்ன வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு புழுங்காதே. மச்சான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்ததும் "ஒங்கக்கா என்னைத் தொரத்தி விட்டுட்டாடா, ஒங்கிட்ட அடைக்கலம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேலை அதிகம். நீ ஒரு தடவையும் ஏறியதில்லையே, சொல்கிறேன். ஆட்களை உதிர்த்துவிட்டுக் காலி விமானத்தை ஆற அமர இறக்கினால் லவுரிவாலுக்குப் பொறுக்காது. அடுத்த பன்னிரண்டு பேர் முதுகில் மூட்டையோடு கீழே நிற்பார்கள். "மேல போறப்பதான் நீ பைலட்டு. கீழ வர்றப்ப நீ கல்லு. கல்லு மாதிரி விழுடா!" என்பார். இடது இறக்கையைச் சாய்த்து, மூக்கைக் கீழே தள்ளினால் முன் கண்ணாடியில் வானம் போய்விடும், கரும்புக் காடு மட்டும்தான் இருக்கும். உடம்பு இருக்கையை விட்டு எழும்பும், பெல்ட் ஒன்றுதான் பிடித்து வைக்கும். காது அடைத்து, திறந்து, மறுபடி அடைக்கும். மேலே விரல் விறைக்கிற குளிர். நாலே நிமிஷத்தில் அடுப்படிச் சூட்டுக்கு வந்துவிடலாம்.

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. முதல் குடை தரை தொடுவதற்குள் விமானம் தரை தொட்டுவிட்டால் விமானியின் பெயரையும் நேரத்தையும் சாக்பீஸில் எழுதுவார்கள். அன்றைக்குக் குதித்தவர்கள் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றிக் கும்பிட வேண்டும். இங்கத்து வழக்கம் அது. போன வருஷம் பூராவும் என் பெயர்தான் உச்சியில். இப்போது புது விமானி ஒருவன் வந்து என்னைத் தாண்டிவிட்டான். தாண்டட்டும். இப்போதெல்லாம் மூக்கைச் சாய்க்கும் முன் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாய்க்கிறேன். லவுரிவால் "என்னடா, கழுத்துச் சுளுக்கா?" என்று நக்கல் அடிக்கிறார்.

ஒரு வேடிக்கை. இறங்கும்போது பின்னால் கடைசி இருக்கையில் பெல்ட் கொக்கி மாட்டுகிற மாதிரி 'டிக்' என்று சத்தம் வருகிறது. ஒவ்வொரு தடவையும். மெக்கானிக்கிடம் சொல்லிக் கொக்கியையே மாற்றிவிட்டேன். இன்னும் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்மார்


வாலே நோவோ,
ஜூன் 20, 1997

தம்பிக்கு,

இருவரும் நலம். இந்த வருஷம் பைன் கொட்டை நன்றாக விழுந்திருக்கிறது. மிரேலா பொறுக்கியது இரண்டு கிலோ அனுப்புகிறேன். உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிடு.

உன் கடிதத்தைத் தையல் கூடத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாய்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

முன்பெல்லாம்?

மார்ச் எட்டாம் தேதி?

அக்கா


விலா அமேலியா,
ஆகஸ்ட் 25, 1997

அன்புள்ள அக்கா,

பொட்டலம் வந்து சேர்ந்தது. தபால்காரர்கள் வழியில் குடும்பத்தோடு சாப்பிட்டது போக ஒரு கிலோ மிச்சம். கொட்டகையில் பெரிய பானையில் போட்டு வேகவைத்தோம். டெசியோ தோலோடு மென்றுவிட்டு, "தெக்கத்திக்காரனுங்க மரத்தையெல்லாமா திம்பீங்க?" என்று கேட்டான். பயல்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் ஆடியது. மிரேலாவுக்கு என் நன்றியைச் சொல்.

இங்கே ஒரே தூசி. கரும்புக் காட்டை எரிக்கிறார்கள், துவைத்துப் போட்ட சட்டையெல்லாம் கரி. லவுரிவாலுக்குச் சர்க்கரை வியாதியாம், எங்களைத் திட்டுவதை மட்டும் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன். மழைக்கு உன் கூரை ஒழுகுமே, நான் வந்து மாற்றித் தருகிறேன்.

மார்ச் எட்டைப் பற்றி அதிகாரிகளிடம் எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது அக்கா. திரும்பத் திரும்பக் கிளறினால் உனக்குத்தான் உடம்பு கெடும். நேரத்துக்குச் சாப்பிடு.

வில்மார்


வாலே நோவோ,
செப்டம்பர் 3, 1997

வில்மார்,

நலம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இன்றைக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் போடுகிறாய், அதில் தபால்காரன், தூசி, சர்க்கரை வியாதி, கூரை! என் கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. உன்னைக் குளிப்பாட்டியவள் நான், உனக்குப் பேன் பார்த்தவள் நான். நீ ஜாடியை உடைத்தால் அன்றைக்கு மட்டும் எனக்குப் பாத்திரம் கழுவித் தருவாய். கூரை மாற்றித் தருகிறேன் என்று நீ எழுதியபோதே, இந்தத் தடவை எந்த ஜாடி என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் ஒன்று நெல் வயல் மேலே தாழப் பறந்து போனது. மிரேலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். "அம்மா, நம்மளப் பிடிக்காமத்தான் அப்பா கயித்த இழுக்கலையா?" என்று கேட்டாள். பதினோரு வயதுடா அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். "இல்லடி கண்ணு" என்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாதே!

இனி எனக்கு நாலு பக்கம் வேண்டாம். சாய்க்கும் முன் திரும்பிப் பார்த்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வராதே, அதற்குப் பிறகும் வராதே.

ஒடெட்டி


விலா அமேலியா,
அக்டோபர் 19, 1997

அக்கா,

இல்லை.

பார்க்கவில்லை.

இந்த வார்த்தையை எழுத எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. எழுதி, கிழித்து, எழுதி, கிழித்து. இனி முழுவதும் சொல்லிவிடுகிறேன், குறுக்கே நிறுத்தாமல் படி.

ஒவ்வொருவர் குதிக்கும்போதும் விமானத்தின் வால் லேசாகும், என் கைப்பிடியில் அது தெரியும். பத்து வருஷப் பழக்கம். திரும்பிப் பார்க்காமலே பின்னால் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம். மற்ற விமானிகள் திரும்பிப் பார்க்கிற இரண்டு நொடியை நான் மிச்சம் பிடித்தேன், அதனால்தான் கரும்பலகையில் என் பெயர் உச்சியில் இருந்தது. ஆனால் எட்டுப் பேர் ஒன்றாகக் குதித்தால் ஒரே உதறல்தான் வரும், எண்ண முடியாது. அன்றைக்குக் கடைசி மூன்று பேரும் ஒட்டிக்கொண்டே போனார்கள். கை 'முடிந்தது' என்றது. நான் கையை நம்பினேன்.

மச்சான் குதிக்கவில்லை அக்கா. மனம் மாறி உள்ளேயே நின்றுவிட்டார். அது குற்றமில்லை, எத்தனையோ பேர் செய்வது. அப்படி மனம் மாறியவர்கள் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும், நாங்கள் கதவை மூடி மெதுவாக இறங்குவோம். அவர் உட்காரத்தான் போயிருக்கிறார். பெல்ட் போடுவதற்குள் நான் இடது இறக்கையைச் சாய்த்து மூக்கைத் தள்ளிவிட்டேன். கதவு இடது பக்கம். திறந்திருந்தது. பிடிமானம் இல்லாத உடம்பு மேலே எழும்பி, கூரையில் மோதி, சரிந்திருக்கும். வாலில் 'டொக்' என்று ஒரு அடி கேட்டது. பறவை என்று நினைத்தேன். தலையில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கயிற்றை இழுக்க அவருக்கு நினைவு இருந்திருக்காது.

கீழே வந்து கொட்டகைப் பக்கம் விமானத்தை நிறுத்தியபோது முதல் குடைகூடத் தரை தொடவில்லை. பயல்கள் கை தட்டினார்கள். நான் இறங்கிப் பின்னால் போனேன். கடைசி இருக்கையில் அவருடைய காற்றுக் கண்ணாடி, குதிக்கும்போது கண்ணில் மாட்டுவது, கழற்றி, வாரைச் சுற்றி, ஓரமாகச் செருகி வைத்திருந்தது. குதிக்கப் போகிறவன் அதைக் கழற்ற மாட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அதிகாரிகளிடம் அவர் தாமதமாகக் குதித்தார் என்று சொன்னேன். லவுரிவாலுக்கும் தெரியாது, டெசியோவுக்கும் தெரியாது.

மச்சான் சாகப் பார்க்கவில்லை அக்கா. கீழே வரத்தான் பார்த்தார். நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன். இதை மிரேலாவிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிடு.

மூக்கைச் சாய்க்கும் முன் பின்னாலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது மட்டும் உண்மை.

வில்மார்


விலா அமேலியா,
நவம்பர் 10, 1997

அக்கா,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு அருகதை இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில், எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பூ வைக்க உன்கூட வந்து நிற்க வேண்டியவன் இங்கே கொட்டகையில் படுத்துக் கிடந்தேன்.

விமானத்தில் ஏறுவதை விட்டுவிட்டேன். முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். பகலில் குடை மடிக்கிறேன், மச்சான் உட்கார்ந்து மடித்த அதே மேஜையில். மற்றவன் ஓட்டுகிற விமானம் தலைக்கு மேலே மூக்கைச் சாய்க்கிற சத்தம் கேட்டால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி எண்ணுகிறேன். பன்னிரண்டு குடையும் விரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

திட்டியாவது எழுது.

வில்மார்


வாலே நோவோ,
நவம்பர் 24, 1997

வில்மார்,

உன் கடிதம் வந்த அன்றைக்குத் தையல் கூடத்துக்குப் போகவில்லை. மிரேலாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஒரு வரிகூட மறைக்கவில்லை, இந்த வீட்டில் மறைத்தது போதும். கடிதத்தை வாங்கி அவளே ஒரு தடவை படித்தாள். பிறகு, "அப்ப அப்பா வீட்டுக்கு வரத்தான் பாத்தாராம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள். மார்ச்சிலிருந்து அவள் அழவே இல்லை, அது உனக்குத் தெரியுமா? அழுதுவிட்டு மூன்று தட்டு சோளக் களி சாப்பிட்டாள்.

அந்த மனுஷன் ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே என்னைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொல்கிறவர். அங்கே வீறாப்புக்காக இருபத்திரண்டு தடவை குதித்திருக்கிறார், அன்றைக்கு உள்ளே இருந்த பயம் ஜெயித்துவிட்டது. அந்தப் பயத்துக்கு நான் முட்டி போட்டு நன்றி சொன்னேன். சாகத் துணிந்தவன் பயப்பட மாட்டான். பாதிரியார் வீட்டுக்கு உன் கடிதத்தை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்து, "இப்ப என் புருஷன் பேரைச் சத்தமாச் சொல்லுங்க சாமி" என்றேன். அடுத்த ஞாயிறு சொன்னார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

உன்னைப் பற்றி. அவசரப்பட்ட கையை நான் ஒரு நாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். மனுஷனுக்கு நேர்வதுதான். ஆனால் இருபத்தைந்து நாள் கழித்து நான் கடிதம் போட்டுக் கேட்டேனே, அப்போது உனக்கு எல்லாம் தெரியும். நான் சொன்ன ஒரு சொல்லால் புருஷன் செத்தான் என்று நான் ஏழு மாதம் வெந்துகொண்டிருந்தேன், நீ எனக்குப் போர்வையை வெயிலில் போடச் சொல்லி எழுதினாய். அதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு வேலை உனக்கு. ஒன்று, அதிகாரிகளிடம் நேரில் போய் உன் வாயால் சொல். அந்தக் காகிதம் மாறி வர வேண்டும். மிரேலா பெரியவளாகி அதைப் படிப்பாள்.

இரண்டாவது. ஒன்றும் கேட்கவில்லை என்று மறுபடி எழுதியிருக்கிறாய். வில்மார், பதினான்கு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். கழிப்பறைக்குப் போவதைக்கூடத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் மனம் மாறினார், திரும்பி நடந்தார், கண்ணாடியைக் கழற்றினார், இதெல்லாம் வாயை மூடிக்கொண்டு செய்தார் என்று சொன்னால் நான் நம்புவேனா? நான் முதல் கடிதத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது இன்னும் வரவில்லை.

ஒடெட்டி


விலா அமேலியா,
டிசம்பர் 15, 1997

அக்கா,

போன வியாழக்கிழமை போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சொன்னேன், தட்டச்சு செய்து கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். காற்றுக் கண்ணாடியையும் விமானி உரிமத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வழக்கு வரும் என்றார்கள். வரட்டும். லவுரிவால் என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். டெசியோ கரும்பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். புதுக் காகிதம் ஜனவரியில் உனக்கு வரும். இந்தக் கடிதத்தைப் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

குதிக்கும் நேரத்தில் எஞ்சினைக் குறைத்துவிடுவோம். கத்திப் பேசினால் நன்றாகக் கேட்கும். உனக்கு அது தெரியாது என்பதால்தான் கேட்காது என்று எழுதினேன். மச்சான் ஒவ்வொரு தடவையும் கதவருகே நின்று எனக்கு ஏதாவது நக்கல் சொல்லிவிட்டுத்தான் குதிப்பார். "நான் வர்றதுக்குள்ள காப்பி போட்டு வையிடா" என்பார். "ஒன் வண்டிய விட நான் வேகம்டா சோம்பேறி" என்பார். அதற்காகவே நான் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பேன். அவர் குரல் வந்தால் அடுத்த நொடி ஆள் வெளியே. அதுவே எனக்குக் கணக்கு.

அன்றைக்கும் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது அக்கா. "டேய் வில்மாரு, இருடா, நானும் உன்கூடவே கீழ வர்றேன்."

இன்றைய நக்கல் இது என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் மூக்கைச் சாய்த்தேன்.

வில்மார்